மஞ்சள் உடையாளும் நாலாயிரம் குதிரைகளும்

ஹாங்காங்கின் 'சின் வான் பாவ்' மாலைப் பத்திரிகையில் 1955 பிப்ரவரி 8 அன்று ஒரு தொடர்கதை தொடங்கியது. எழுதியவர் அந்த வட்டாரத்தில் வேலை பார்த்த முப்பது வயதைத் தொட்ட பத்திரிகையாளர். ஜின் யோங் என்ற புனைபெயரில் அவர் எழுதிய முதல் நாவல் அது: 'நூலும் வாளும்'. அதற்கு ஓராண்டு முன்புதான், 1954 ஜனவரியில், மக்காவில் இரண்டு தற்காப்புக் கலை ஆசான்கள் மேடையேறி மோதியிருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தச் சூட்டிலேயே அதே பத்திரிகை லியாங் யூஷெங்கை வைத்து ஒரு வாள்வீரக் கதையை ஓட்டிப் பார்த்தது, விற்பனை எகிறியது. அடுத்ததாக வந்தவர் ஜின் யோங். வூசியா என்று சீனர்கள் அழைக்கும் வாள்வீரக் கதைமரபின் இருபதாம் நூற்றாண்டு மறுபிறப்பு இப்படி ஒரு மாலைப் பத்திரிகையின் பக்கங்களில்தான் நடந்தது.

கதைத் தலைப்பிலுள்ள 'நூல்' திருக்குர்ஆன். மேற்குப் பாலைவனத்து முஸ்லிம் குடி ஒன்றின் புனிதப் பிரதி களவு போகிறது. அதை மீட்கக் குடித்தலைவரின் மகள் ஆட்களுடன் கிளம்பி வருகிறாள். மஞ்சள் உடை, தொப்பியில் பச்சை இறகு, இடையில் குறுவாள். பெயர் ஹுவோ சிங்தோங். வாள் வீசுவதில் மட்டுமல்ல, படை நடத்துவதிலும் கைதேர்ந்தவள். இந்த நாவலைப் படித்தவர்கள் நாயகனை மறந்தாலும் அவளை மறப்பதில்லை.

அவளைப் போன்றவர்களை மேசைமேல் இறக்கவும் ஒரு வழி இருக்கிறது. இன்று பல நாடுகளில் 28 மில்லிமீட்டர் உயர உலோக அல்லது பிசின் வீரர்களை வாங்கி, பிசிறு போகத் தேய்த்து, ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி மேசைமேல் போர் நடத்தும் பழக்கம் பரவியிருக்கிறது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கொரு விதிநூல் எழுதி வெளியிட்டார். பெரும்படைகளை அடுக்குவோர் ஒருபக்கம் இருக்க, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுவைக் கட்டி, ஒவ்வொரு வீரனுக்கும் பேரும் ஊரும் கதையும் கொடுத்து ஆடுவோர் ஒருபக்கம். வாள்வீரக் கதைக்கு இந்த இரண்டாம் வகைதான் பொருத்தம். அந்தக் கதைகளில் சண்டை என்பது பெயர் தெரிந்த ஆட்களுக்கிடையே நடப்பது. ஹுவோ சிங்தோங்கை மனத்தில் வைத்து உய்குர் குழு ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு முதல் தூரிகை வீச்சிலேயே ஒரு கேள்வி எழும்: எந்தக் காலத்து உய்குர்? மங்கோலியப் புல்வெளியில் 744-ல் பேரரசு நிறுவிய குதிரை வீரர்களும், 1758-ல் யார்க்கந்துக்கு வெளியே திரித் துப்பாக்கியோடு நின்றவர்களும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். கவசம் வேறு, மதம் வேறு, ஆயுதம் வேறு, வாழ்ந்த நிலமும் வேறு. கதை இந்த இரண்டையும் ஒரே மஞ்சள் உடைக்குள் அடக்கிவிடலாம். உருவம் செய்பவரால் முடியாது. நூற்றாண்டைத் தேர்ந்த பிறகுதான் அவர் தூரிகையை நனைக்க வேண்டும்.

முதலில் எட்டாம் நூற்றாண்டைப் பார்ப்போம். சீனத்துத் தாங் பேரரசின் எல்லைத் தளபதி ஆன் லூஷான் 755 டிசம்பரில் கலகக் கொடி தூக்கினான். அடுத்த ஆண்டே தலைநகர் சாங்-ஆன் விழுந்தது. பேரரசர் தென்மேற்கே ஓடினார். ஓடாமல் நின்று ஆட்சியை ஏற்ற மகன் சூசோங், வடக்கே உய்குர் மன்னரான ககானிடம் உதவி கேட்டார். 757-ல் ககானின் மகன் தலைமையில் வந்து சேர்ந்தவை ஏறக்குறைய நாலாயிரம் குதிரைகள். தாங் தரப்பில் ஒன்றரை லட்சம் பேர் திரண்டிருந்த களத்தில் இது சிறு கைப்பிடி. ஆனால் சாங்-ஆனுக்குத் தெற்கே சியாங்ஜி விகாரத்தருகே நடந்த போரைத் திருப்பியது அந்தக் கைப்பிடிதான். கலகக்காரர்கள் ஒரு குதிரைப்படையைப் பதுக்கிவைத்து, தாங் படையின் முதுகில் பாயக் காத்திருந்தார்கள். வேவுகாரர்கள் அதைக் கண்டு சொல்ல, உய்குர்கள் பதுங்கியவர்களை முதலில் அழித்தார்கள். பிறகு சுற்றிக்கொண்டு எதிரியின் பின்னால் வந்து இறங்கினார்கள். அன்று மாலைக்குள் கலகப்படை சிதறியது.

சில வாரங்களில் லுவோயாங்குக்குப் போகும் வழியில் இதுவே இன்னும் சுருக்கமாக நடந்தது. தாங் படை பின்வாங்கத் தொடங்கியிருந்த நேரம். மலைப்பக்கமிருந்து புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு அம்புகள் பாய்ந்தன. அவ்வளவுதான். உய்குர்கள் வந்துவிட்டார்கள் என்று கலகக்காரர்கள் கத்திக்கொண்டு ஓட்டம் பிடித்ததாகச் சீன வரலாற்று நூல் சொல்கிறது. பத்தே அம்பு ஒரு படையைக் கலைக்கிறதென்றால் அந்தப் பெயருக்கு அதற்குள் எவ்வளவு அச்சம் சேர்ந்திருக்க வேண்டும்! பன்னிரண்டு பேர் கொண்ட மேசைக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வரலாற்றுச் சான்று கிடைப்பது கடினம்.

அந்த அச்சத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்துக் கதை சொல்லக் கூடாது. உதவிக்கு வரும்போதே ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது: நகரம் மீண்டால் நிலமும் ஆடவரும் தாங் அரசுக்கு, பொன்னும் பட்டும் பெண்டு பிள்ளைகளும் உய்குர்களுக்கு. சாங்-ஆன் வாசலில் தாங் இளவரசன் உய்குர் இளவரசனின் குதிரைக்கு முன் வணங்கி, லுவோயாங் விழும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினான். சாங்-ஆன் தப்பியது, லுவோயாங் தப்பவில்லை. கொள்ளையை நிறுத்த அவ்வூர் மக்கள் பட்டுச் சுருள்களைத் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 762-ல் போகு ககான் நேரே வந்து அதே நகரை இரண்டாம் முறை மீட்டபோது நிலைமை இன்னும் மோசம். பௌத்த விகாரங்களில் தஞ்சம் புகுந்தவர்களையும் நெருப்பு விடவில்லை. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தாங் வரலாறு கணக்குச் சொல்கிறது.

அதே லுவோயாங்கில்தான் போகு ககான் சோக்டிய மானிகேய மதகுருக்களைச் சந்தித்தார். ஒளிக்கும் இருளுக்கும் ஓயாத போர் என்று போதித்த மதம் அது. நால்வரைத் தம்மோடு அழைத்துச் சென்று 763-ல் அதை அரச மதமாக்கினார். உலக வரலாற்றில் மானிகேயம் ஒரு பேரரசின் மதமாக அமர்ந்தது இந்த ஒரே இடத்தில்தான். எரித்த நகரிலிருந்து, ஊன் உண்ணக் கூடாது, உயிர் கொல்லக் கூடாது என்று தன் குருமாரைக் கட்டுப்படுத்தும் நெறி ஒன்றைக் கொண்டுபோனது அந்தப் படை. ஒர்கோன் பள்ளத்தாக்கில் இருந்த தலைநகர் ஒர்து-பாலிக்குக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் போய் வந்த அரபுப் பயணி தமீம் இப்னு பஹ்ர், பன்னிரண்டு பெரிய இரும்புக் கதவுகள் கொண்ட நகரையும், வெகுதூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும் ககானின் பொற்கூடாரத்தையும் பற்றி எழுதியிருக்கிறார். வெறும் நாடோடிக் கூட்டம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாத மக்கள்.

அரண்மனைப் பெண்களும் இந்த உறவுக்கு விலை கொடுத்தார்கள். 758-ல் பேரரசரின் சொந்த மகள் நிங்குவோ முதிய ககானுக்கு மணமுடிக்கப்பட்டாள். மறு ஆண்டே அவர் இறந்தார். உடன் புதைபட வேண்டும் என்று உய்குர்கள் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள், ஆனால் அவர்களது துக்க வழக்கப்படி கத்தியால் தன் முகத்தைக் கீறிக்கொண்டு அழுதாள். பிள்ளையில்லாததால் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் காட்சி.

765-ல் நடந்ததை ஓவியமாகவே பார்க்கலாம். தாங் அரசுக்காக உய்குர்களோடு தோளுரசிப் போரிட்ட தளபதி ஒருவன் கலகம் செய்து, உய்குர்களையும் திபெத்தியர்களையும் சாங்-ஆன் மீது ஏவிவிட்டு, வழியிலேயே செத்துப்போனான். கிழத் தளபதி குவோ சியி ஒரு முடிவெடுத்தார். கவசத்தைக் கழற்றினார், சில குதிரைகளோடு மட்டும் உய்குர் பாசறைக்கு நேரே போனார். அவரோடு பழைய போர்க்களங்களில் நின்ற தலைவர்கள் குதிரையை விட்டிறங்கி வணங்கினார்கள். பேச்சு முடிந்தபோது உய்குர்கள் தாங் பக்கம் திரும்பித் திபெத்தியர்களைத் துரத்தக் கிளம்பியிருந்தார்கள். சோங் காலத்து ஓவியர் லி கோங்லின் வரைந்ததாகச் சொல்லப்படும் சுருளோவியம் ஒன்று தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணமே இல்லாத மைக்கோடுகள். சாதாரண அங்கியில் குவோ குனிந்து, மண்டியிட்ட தலைவனைக் கைகொடுத்துத் தூக்குகிறார். சுற்றிலும் கவச வீரர்கள். சிற்றுருவம் செய்பவர்கள் இதைப் பார்த்தால் உடனே கவசத்தை நகலெடுக்கத் தோன்றும். ஆனால் இது நிகழ்ச்சிக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வரையப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாள்வீரக் கதைகளின் ஊற்றுக்கண் இதே குழப்பத்தில்தான் இருக்கிறது. 763-ல் கலகம் ஓய்ந்தபோது, சரணடைந்த கலகத் தளபதிகளை வேரோடு பிடுங்கத் தாங் அரசுக்குத் தெம்பில்லை. வடகிழக்கு மாகாணங்களை அவர்களிடமே விட்டது. ஷ்வே சோங், தியான் செங்சி என்ற இரண்டு பேர் அப்படி மன்னிக்கப்பட்டு ஆளுநரானவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் யுவான் ஜியாவ் எழுதிய ஹோங்சியென் கதையில் இவ்விருவரும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஷ்வேயின் வீட்டுப் பணிப்பெண் ஹோங்சியென் ஒரே இரவில் பகையாளி தியானின் படுக்கையறைக்குள் நுழைந்து, தலையணைப் பக்கமிருந்த பொற்பேழையை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடுகிறாள். மறுநாள் பேழையைத் திருப்பி அனுப்பியதும் தியானின் படையெடுப்பு எண்ணமே அடங்கிப்போகிறது. பெய் சிங் எழுதிய நியே யின்னியாங் கதையின் கொலைத்தொழில் கற்ற பெண்ணும் தியான் ஆண்ட அதே வெய்போ மாகாணத்துத் தளபதி மகள்தான். ஹௌ சியாவ்-சியென் 2015-ல் 'தி அசாசின்' என்று படமாக்கியது இந்தக் கதையைத்தான்.

சுவரேறிக் குதிக்கும் இந்தப் பெண்களின் உலகத்தைப் பிறப்பித்த சமரசத்துக்கு உய்குர் குதிரைகளும் ஒரு காரணம். அவர்கள் வராமலிருந்தால் போர் அந்த ஆண்டில் அப்படி முடிந்திருக்காது. ஆகவே எட்டாம் நூற்றாண்டு உய்குர் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோங்சியெனை நிறுத்துவதில் காலப்பிழை எதுவுமில்லை. ஜின் யோங்கின் மஞ்சள் உடையாளை நிறுத்தினால்தான் இடிக்கும்.

சரி, அந்தக் குழு எதை உடுத்தும்?

துர்ஃபான் அருகே அஸ்தானா என்ற இடுகாடு இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டுவரை புழங்கியது. மழையே இல்லாத மண் என்பதால் பட்டு, காகிதம், மாவுப் பண்டங்கள்கூட அழியாமல் கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் ஆரெல் ஸ்டைன் 1915-ல் இங்கே தோண்டினார். பிறகு சீன ஆய்வாளர்கள் பல கல்லறைகளைத் திறந்தார்கள். களிமண்ணிலும் மரத்திலும் செய்த குதிரை வீரர்கள், முகத்திரைத் தொப்பியணிந்து குதிரையேறும் பெண்கள் என்று ஒரு சிற்றுருவப் படையே அங்கு இருந்தது. 633-ல் இறந்த சாங் சியோங் என்ற தளபதியின் கல்லறையில், 688-ல் அவர் மனைவியை அடக்கம் செய்தபோது வைத்த பொம்மைகள் ஏறத்தாழ ஓரடி உயரம். தலை களிமண், உடல் மரம், மேலே அசல் பட்டு உடை. கை மட்டும் முறுக்கிய காகிதம். அந்தக் காகிதத்தைப் பிரித்தால் சாங்-ஆன் நகரத்து அடகுக்கடைச் சீட்டுகள்! யாரோ துணியை அடகு வைத்துக் காசு வாங்கிய கணக்கு, பல நூறு மைல் தாண்டி வந்து ஒரு பொம்மையின் முழங்கையாகிவிட்டது.

இவற்றைப் பார்த்து உய்குர் உருவம் செய்ய முனைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஸ்தானாவில் புதைபட்டவர்கள் சீனக் குடியேறிகளும் சோக்டியர்களும் பிறரும். உய்குர்கள் அப்போது வடக்கே மங்கோலியப் புல்வெளியில் இருந்தார்கள். கடும் பனியும் கொள்ளைநோயும் மந்தைகளைத் தின்ற பிறகு, 840-ல் கிர்கிசுகள் ஒர்து-பாலிக்கைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகே உய்குர்களில் ஒரு பகுதியினர் துர்ஃபான் பக்கம் இறங்கிக் கோச்சோ அரசை அமைத்தார்கள். ஆயினும் கவச வடிவத்துக்கு அந்த வட்டாரத்துச் சான்றுகள் கைகொடுக்கும். காராஷார் அருகே மிங்-ஓய் இடிபாடுகளிலிருந்து ஸ்டைன் எடுத்துச் சென்ற சுதை வீரர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள்: தகடுகளைக் கோத்த, முழங்கால்வரை தொங்கும் கவச அங்கி. இப்படி வாரால் கோத்த தகட்டுக் கவசம் அன்று மத்திய ஆசியா முழுக்கப் புழங்கியது. ஒரு தகடு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். குதிரைமேல் உடலைத் திருப்பி அம்பெய்யவும் அது இடம் கொடுக்கும். 28 மில்லிமீட்டர் உருவத்தில் இந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டாம். இருண்ட நிறத்தை அடியில் பூசிவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக இழுத்தாலே வரிசைகள் எழும்பி வரும்.

உய்குர்களே உய்குர்களை வரைந்த இடம் பெசெக்லிக். துர்ஃபானிலிருந்து மலைவழியே போனால் ஆற்றங்கரைச் செங்குத்தில் குடைந்த பௌத்தக் குகைகள். மானிகேயத்தில் தொடங்கிய கோச்சோ அரசு மெல்லப் பௌத்தத்துக்குத் திரும்பியிருந்தது. சுவர்களில் கொடையாளர்களாக நிற்கும் உய்குர் இளவரசர்கள் தரையைத் தொடும் நீண்ட அங்கியில் இருக்கிறார்கள். மோவாயில் கட்டிய உயரமான தொப்பி. முதுகில் வழியும் நீண்ட கூந்தல். இடைக்கச்சையிலிருந்து வார்கள் தொங்குகின்றன. அவற்றில் கத்தி, பை, சிறுகருவிகள். கையில் ஆயுதமில்லை, பூ. ஒரு போர்க்குழுவில் இப்படி ஒருவரையாவது நிறுத்துவது நல்லது. மற்றவர் வரைந்த உய்குர் எப்போதும் குதிரைமேலும் புழுதியிலும் இருக்கிறான். தன்னைத் தானே வரைந்துகொண்டபோது அவன் பூவோடு நிற்கத்தான் விரும்பியிருக்கிறான். 980-களில் சோங் அரசின் தூதராகக் கோச்சோ வந்த வாங் யெந்தேயும் குதிரையேற்றத்திலும் வில்வித்தையிலும் மட்டுமன்றி இசையிலும் பிரியமுள்ள மக்களையே கண்டார். வெளியே போகும்போது இசைக்கருவியைக் கையோடு எடுத்துப்போவார்களாம்.

அந்தச் சுவர்களில் பெரும்பகுதி இன்று அங்கே இல்லை. 1905-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஆல்பர்ட் ஃபான் லெ கோக் மிகப் பெரிய ஓவியங்களை அறுத்தெடுத்துப் பெர்லினுக்கு அனுப்பினார். அருங்காட்சியகச் சுவரோடு சேர்த்துச் சிமென்ட் வைத்துப் பதித்ததால், இரண்டாம் உலகப்போரில் அவற்றைக் கழற்றிப் பாதுகாக்க வழியில்லாமல் போய்விட்டது. குண்டுவீச்சில் அழிந்தன. எஞ்சியவற்றில் மூன்று இளவரசர்களின் துண்டு ஒன்று பெர்லினில் இருக்கிறது. உய்குர் உடையைத் தீட்டுபவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

பத்தாம் நூற்றாண்டிலேயே காஷ்கர் பக்கம் காரகானிய மன்னர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். துர்ஃபான் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில்தான் மாறத் தொடங்கியது. பௌத்தரோடு ஒட்டியிருந்த 'உய்குர்' என்ற பெயரும் அதன்பின் வழக்கொழிந்தது. மக்கள் தம்மைக் காஷ்கர்க்காரர், துர்ஃபான்காரர், முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டார்கள். 1921-ல் தாஷ்கந்தில் கூடிய மாநாட்டில்தான் பழைய பெயர் மீண்டும் எடுக்கப்பட்டது. ஹுவோ சிங்தோங் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பதினெட்டாம் நூற்றாண்டில் அவள் தன்னை அந்தப் பெயரால் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் கதைக்கு அடித்தளமான போர் மட்டும் உண்மை. சிங் பேரரசர் சியென்லுங்கின் படைகள் 1755-ல் சுங்கார் மங்கோலியரை வீழ்த்திவிட்டுத் தெற்கே பாலைவனச் சோலைகளை நோக்கித் திரும்பின. கோஜா என்ற சமயத்தலைவர் மரபில் வந்த புர்ஹானுத்தீன், கோஜா ஜஹான் என்ற சகோதரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1758 இலையுதிர் காலத்தில் தளபதி சாவோஹுய் யார்க்கந்துக்கு வெளியே கருநீர் ஆற்றங்கரையில் சிக்கிக்கொண்டார். முற்றுகை மூன்று மாதம் நீண்டது. கோஜா படை ஆற்றைத் திருப்பிப் பாசறையை மூழ்கடிக்கப் பார்த்தது. சிங் வீரர்கள் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நிலத்தடிக் குழிகளில் யாரோ மறைத்துவைத்திருந்த தானியம் அகப்பட்டது. சுற்றிலும் மரங்கள், எதிரியின் குண்டுகள் அடிமரங்களில் போய்ப் புதைந்தன. விறகுக்காக மரத்தை வெட்டியவர்கள் ஈயக் குண்டுகளைப் பொறுக்கித் திருப்பிச் சுட்டார்கள். 1759 தொடக்கத்தில் மீட்புப்படை வந்து முற்றுகை உடைந்தது. அவ்வாண்டே கோஜாக்கள் பதக்‌ஷானுக்கு ஓடி அங்கே கொல்லப்பட்டார்கள்.

நாவலில் இந்த முற்றுகை ஹுவோ சிங்தோங்கின் வெற்றி. உட்பகை, நோய், தங்கைமீது காதல் கொண்ட நாயகனால் விளைந்த மனக்காயம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே அவள் திட்டம் தீட்டுகிறாள். சாவோஹுய்யின் கவசப் படையைப் புதைசேற்றில் இறக்குகிறாள். ஆனால் ஜின் யோங் போரின் இறுதி முடிவை மாற்றவில்லை. குடி அழிகிறது. ஒரு சீன எழுத்தாளர், சீனப் பேரரசின் வெற்றி ஒன்றைத் தோற்றவர் பக்கம் நின்று எழுதியதுதான் இந்நாவலின் பெருமை. நுணுக்கமான களக்காட்சி வேண்டுவோர்க்கு வென்றவர் தரப்புச் சான்றும் இருக்கிறது. சியென்லுங், காஸ்திலியோனே முதலிய ஐரோப்பிய ஓவியப் பாதிரிமாரைக் கொண்டு பதினாறு போர்க்காட்சிகளை வரையச் செய்து, செப்புத் தகட்டில் பொறிக்கப் பாரிசுக்கு அனுப்பினார். 1774 வரை நடந்த அவ்வேலையில் கருநீர் முற்றுகையும் உண்டு.

எதிர்க்குழுவைத் தீட்டும்போது எல்லாரையும் சிங் ஆட்சியாளர்களான மஞ்சூக்களாக்கிவிடக் கூடாது. துர்ஃபானின் எமின் கோஜா சிங் தரப்பில் நின்று போரிட்டவர். வெற்றிவீரர்களின் உருவப்பட வரிசையில் அவருக்கும் இடம் கிடைத்தது. அவர் பெயரால் 1778-ல் முடிந்த 44 மீட்டர் உயரச் செங்கல் மினார் இன்றும் துர்ஃபானில் நிற்கிறது. கோஜா குடும்பத்திலேயே ஒரு கிளை பேரரசர் பக்கம் சேர்ந்தது. நாவலில் ஹுவோ சிங்தோங்கின் தங்கையாக வரும் சியாங்சியாங் இளவரசிக்கு மூலமான பெண் அந்தக் கிளையில் பிறந்தவர். 1760-ல் அரண்மனைக்குள் வந்தார். ரோங் என்ற பட்டத்தோடு பேரரசரின் துணைவியரில் ஒருவராகி, தம் மார்க்கத்துக்கேற்ற உணவோடு வாழ்ந்து, ஐம்பதைத் தாண்டி 1788-ல் இறந்தார்.

உடல் மணம் வீசும் சிறைப்பட்ட அழகி, சட்டைக் கைக்குள் குறுவாள் மறைத்துப் பேரரசரை எதிர்த்தவள் என்ற கதை பிற்பாடு முளைத்தது. 1914-ல் பெய்ஜிங்கில் அரண்மனைப் பொருள்களைப் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தபோது, ஐரோப்பியக் கவசம் பூண்ட ஒரு பெண்ணின் ஓவியத்தை அவள் படமென்று மாட்டினார்கள். அது அவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் படம் பிடித்துக்கொண்டது. கவசமணிந்த மேற்கத்து அழகி என்ற உருவம் நாவலுக்கும் திரைக்கும் இன்று 28 மில்லிமீட்டர் வார்ப்புகளுக்கும் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இவ்வளவும் மற்றவர் சொன்ன கதை. உய்குர்களுக்கென்று சொந்த வீரக்கதைகள் இருக்கின்றன. குழுவில் முதலிடம் அக்கதைகளின் நாயகர்களுக்குத்தான் தகும்.

1820-களில் ஜஹாங்கீர் கோஜாவின் கிளர்ச்சி தோற்றதும் காஷ்கர்ப் பெண்கள் பலர் வடக்கே இலிக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் நுசுகும் என்ற பெண்ணை ஒரு படைவீரனுக்குக் கட்டாய மணம் முடித்தார்கள். அவள் அவனைக் கொன்றுவிட்டு நாணற்காட்டுக்குள் ஓடி ஒளிந்தாள், பிடிபட்டுக் கொல்லப்பட்டாள். வாய்வழி உலவிய அவள் கதையை இலிக் கவிஞர் முல்லா பிலால் 1880-களில் நூலாக்கினார். ஹுவோ சிங்தோங் பிறப்பதற்கு எழுபது ஆண்டு முன்பே எழுதப்பட்டவள் அவள். மஞ்சள் உடையாளைத் தீட்டும் தூரிகை நுசுகுமுக்கு நாணல் நிறத்தைக் குழைக்கட்டும்.

குழுவிலுள்ள இன்னொரு ஆளைக் காற்றில் நடக்க வைக்கலாம். வாள்வீரக் கதைகளில் கூரைவிட்டுக் கூரை தாவும் வித்தைக்கு உய்குர்களிடம் ஓர் உண்மை வடிவம் உண்டு: தவாஸ். உயர்ந்த கம்பத்துக்குச் சாய்வாக ஏறும் கயிற்றில், நீண்ட கழியை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பது. தவாஸ் பரம்பரையில் வந்த ஆதில் ஹோஷுர் 1997-ல் யாங்சி ஆற்றின் சூத்தாங் பள்ளத்தாக்கைக் கயிற்றில் கடந்தார். உருவம் செய்பவருக்குக் கழியும் கயிறும் போதும், சிறகு ஒட்ட வேண்டாம்.

இடையில் செருகும் கத்திக்கு யெங்கிசார் ஊரைப் பார்க்க வேண்டும். காஷ்கருக்குத் தெற்கேயுள்ள அந்தச் சிற்றூரின் கொல்லர்கள் கைப்பிடியில் எலும்பும் வண்ணக்கல்லும் பதித்துச் செய்யும் கத்தி, ஆண்மகனின் அணிகலனாக இருந்துவந்தது. 2017-ல் அப்பகுதியிலிருந்து வந்த செய்திகள் கடைக்கத்திகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும், விற்கும் கத்தியின் அலகில் வாங்குபவரின் அடையாள விவரம் குறியீடாகப் பொறிக்கப்பட்டதையும் விவரித்தன. அதே ஆண்டின் இறுதியில், உய்குர் தர்காக்களையும் வாய்மொழிக் கதைகளையும் வாழ்நாளெல்லாம் தொகுத்த பேராசிரியர் ராஹிலா தாவுத் காணாமல் போனார்; அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023-ல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், உய்குர் பகுதியில் நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அறிக்கை தந்தது. உய்குர் வீரத்தை விளையாட்டுக்கு எடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு எடுப்பதே அந்த மக்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

குழுத் தலைமைக்குச் சாதிர் பல்வானை மிஞ்சிய ஆள் கிடையாது. 1798-ல் இலியில் பிறந்த உழவன். ஆட்சியை எதிர்த்துப் பலமுறை பிடிபட்டு, பலமுறை சிறையை உடைத்துத் தப்பியவர். 1864-ல் இலி எழுந்தபோது அறுபத்தாறு வயதில் ஆயுதம் ஏந்தினார். தாமே பாட்டுக் கட்டிப் பாடியவர் என்பதால் அவரது தப்பியோட்டங்கள் அவர் வாய்மொழியாகவே ஊரில் உலவின. ரஷ்யப் படை இலியைப் பிடித்த 1871-ல் இறந்தார். பத்தாண்டு கழித்து ரஷ்யா அப்பள்ளத்தாக்கைச் சிங் அரசிடம் திருப்பிக் கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான உய்குர் குடும்பங்கள் எல்லை தாண்டி இன்றைய கஜகஸ்தானுக்குக் குடிபெயர்ந்தன. சாதிரின் பாட்டுகளையும் அவர்கள் கொண்டுபோனார்கள். அல்மாட்டியில் 1934 முதல் உய்குர் நாடக அரங்கு ஒன்று இயங்குகிறது. சாதிருக்கு என்ன நிறத்தில் அங்கி, எந்தக் கையில் ஆயுதம், எந்தக் கையில் துதார் என்னும் தந்திக்கருவி என்று கேட்டறிய விரும்புபவர் அங்கிருந்து தொடங்கலாம்.